மேட்டுப் பக்கத்து ஓட்டை

எங்கள் குசினியில் ஜன்னலோரமாக எட்டடி நீளத்துக்கு ஒரு கறுப்புக் கிரனைட் கல் கிடக்கிறது. அதில் ஆறு ஓட்டைகள். இரண்டு சிங்க்குக்கு இரண்டு பெரிய ஓட்டை, இரண்டு பைப்புக்கு இரண்டு சின்ன ஓட்டை, வடித்த தண்ணீர் வரும் குட்டிப் பைப்புக்கு ஒன்று, சவர்க்காரம் அமுக்கி எடுக்கும் குப்பிக்கு ஒன்று. ஆறும் இருக்கவேண்டிய இடத்தில் நூல் பிசகாமல் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் கல்லைக் கையால் தடவிப் பார்த்து, நல்ல வேலை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சில காலைகளில் ஒரு சுத்தியலை எடுத்து உடைத்துவிடலாமா என்று வரும். பிறகு அதன் மேல் வைத்துத்தான் தேத்தண்ணி ஊற்றுவேன்.

நான் அரசாங்கக் கந்தோரில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். மதகும் வாய்க்காலும் வரைந்தே கண் போனது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைத் தவிர இந்த மனுசனுக்கு உருப்படியாக ஒன்றும் தெரியாது என்று என் மனைவி ஆட்களுக்குச் சொல்வாள். பகிடிக்குச் சொன்னதுதான். இப்போது அவள் அதைச் சொல்வதில்லை.

அளவெட்டியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி அக்கா தனியே இருந்தார். அப்பா அவருக்குச் சீதனமாக எழுதிவைத்த வீடு. கலியாணம் சரிவரவில்லை, வீடு மட்டும் அவரோடு மிஞ்சியது. எனக்கு ஒன்பது வயது மூத்தவர். அம்மா நோயில் விழுந்த பிறகு என்னையும் எனக்கு இளையவனான சின்னவனையும் சோறு போட்டு ஆளாக்கியது அவர்தான். கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை பார்த்தார். தராசுத் தட்டில் ஒரு பருப்பு கூடவும் போகாது, குறையவும் போகாது என்று அவருக்கு ஊரில் பெயர். கதையும் அப்படித்தான். தேவைக்கு மேல் ஒரு சொல் வராது.

சின்னவன் ஒருநாள் காலை சைக்கிளில் போனான். திரும்பி வரவில்லை. அந்தச் சண்டை நாட்களில் எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் நடந்ததுதான். அன்றைக்கு அக்கா அவனுக்குப் பிடித்த ஒட்டி மீன் குழம்பு வைத்திருந்தார். இரண்டு நாள் மூடி வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் சட்டியோடு கொண்டுபோய்த் தேசிக்காய் மரத்தடியில் கொட்டிவிட்டு வந்து, "இனி அவன் வந்தாப் பிறகுதான் மச்சம்" என்றார். அவ்வளவுதான். மீனோ இறைச்சியோ முட்டையோ அதற்குப் பிறகு அவர் தொட்டதில்லை. மச்சம் புழங்கிய சட்டியில் சமைத்ததை வாங்கமாட்டார். மச்சம் கழுவிய இடத்துத் தண்ணீரைக் குடிக்கமாட்டார். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் நான் அப்பாவுக்குப் பிதிர்க்கடன் செய்யும்போது, சின்னவனுக்கும் சேர்த்துச் செய்துவிடலாமே என்று ஒரு சொந்தக்காரர் மெல்லச் சொன்னார். அந்த மனிதர் சாகும்வரை அக்கா பிறகு அவரோடு கதைக்கவில்லை. அவர் மச்சம் தொடாத ஒவ்வொரு நாளும் சின்னவன் எங்கேயோ உயிரோடு இருந்தான். இதை அவர் வாயால் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

போன ஆவணியில் அவருடைய முழங்கால் இரண்டும் விட்டுவிட்டன. மோட்டர் தண்ணீரில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. குடிக்கவும் சமைக்கவும் கிணற்றில் வாளி போட்டு அள்ளினால்தான் தண்ணீர். கிணற்றுக் கட்டைச் சுற்றி மாரியில் பாசி பிடித்துப் பச்சையாய் வழுக்கும். முந்தின மாரியிலேயே ஒருமுறை சறுக்கிக் கயிற்றைப் பிடித்துத் தப்பினவர். அடுத்த மாரிக்கு முன்னம் அவரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நான் முடிவெடுத்தேன். எனக்கு வேண்டியிருந்தது இது ஒன்றுதான். மழைக்கு முன்னம் அக்கா என் வீட்டுக்குள் வரவேண்டும்.

ஒரு சனிக்கிழமை அவர் வந்திருந்தபோது பேச்சை எடுத்தேன். வரும்போது தன்னுடைய செம்பில் தண்ணீரும் கொண்டுவருவார். எங்கள் வீட்டில் அவர் வாய் நனைத்தது அந்தத் தண்ணீரில்தான்.

"உங்கை தனிய இருந்து என்ன செய்யப் போறியள் அக்கா? மாரியும் வருது," என்றேன்.

அவர் எழும்பிக் குசினி வாசலில் போய் நின்றார். உள்ளே மனைவி விளைமீன் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா அந்தப் பைப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உந்த ஒரு பைப்பிலைதானே எல்லாம் கழுவுறியள்," என்றார். பிறகு செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மனைவிக்கு அது சுருக்கென்று தைத்தது. "என்ரை கையிலை என்ன நோயே?" என்று கேட்டுவிட்டு மீனைச் சட்டிக்குள் ஓங்கிப் போட்டாள். நான் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. என் தலைக்குள் ஏற்கெனவே கோடு ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு பைப்தான் பிரச்சினை என்றால் இரண்டு பைப் வைத்தால் சரி. அளந்து வரைந்து தீர்க்கக்கூடிய ஒரு கணக்கை அக்கா என்னிடம் தந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். சந்தோசமாகக்கூட இருந்தது.

பழைய சீமெந்து மேடையை உடைத்துப் புதிதாக வார்ப்பித்தேன். பார்த்தால் தெரியாது, ஆனால் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு முக்கால் அங்குலம் சரிவு கொடுத்தேன். பின்வளவுக்குத் திறக்கும் கோடிப்புறக் கதவுப் பக்கம் பள்ளம். மற்றப் பக்கம், சாமி அறைச் சுவரோடு ஒட்டிய பக்கம், மேடு. மேட்டில் அக்காவுக்கு ஒரு சின்னச் சிங்க், பள்ளத்தில் எங்களுக்குப் பெரியது. மீன் கழுவும்போது கல்லில் எவ்வளவு தண்ணீர் சிந்தினாலும் அது கதவுப் பக்கம்தான் ஓடும். மச்சத் தண்ணீர் ஒரு சொட்டு மேலேறி அக்காவின் பக்கம் போக வழியில்லை.

ஓட்டைகளைப் பற்றி நான் யோசித்த அளவுக்கு ஆற்றுக்கு மேல் போடும் பாலத்தைப் பற்றிக்கூட யோசித்ததில்லை. பைப்பின் ஓட்டை சுவருக்குக் கிட்டப் போனால் கைபிடியைப் பின்னுக்குத் திருப்பும்போது ஜன்னல் கட்டில் இடிக்கும். தள்ளிப் போனால் தண்ணீர் சிங்க்கின் நடுவில் விழாமல் விளிம்பில் விழுந்து தெறிக்கும். எங்கள் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. ஆறு மாதத்தில் பைப்பின் வாய் வெள்ளையாய்ப் பூத்துப்போகும். கழற்றிக் கழுவவேண்டும் என்றால் கல்லுக்குக் கீழே சாவி போட்டுத் திருப்ப இடம் வேண்டும். பைப் வாங்கிய கடையில் நின்றவர் சவர்க்காரக் குப்பி இரண்டு பக்கமும் வைக்கச் சொன்னார். அக்கா செம்பைப் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிறவர், அவருக்கு எதற்குக் குப்பி? அதை எங்கள் பக்கம் மட்டும் வைத்தேன். வடித்த தண்ணீர்ப் பைப்பை அவர் பக்கம் வைத்தேன்.

மேட்டுப் பக்கத்து ஓட்டை கல்லின் முன் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் வரவேண்டும் என்று தீர்மானிக்க அக்காவின் கை நீளம் தெரியவேண்டியிருந்தது. அவரிடம் கேட்கவில்லை. ஒருநாள் அவர் வீட்டில் எனக்குப் புட்டுத் தட்டை நீட்டியபோது முழங்கையிலிருந்து விரல் நுனிவரை கண்ணால் அளந்தேன். பதினாறு அங்குலம் இருக்கும். அவர் குனியாமல், முழங்காலை மடக்காமல், நின்றபடி வலக்கையை நீட்டினால் கைபிடி விரலில் படவேண்டும். அப்படித்தான் வைத்தேன்.

"என்னடா கையைப் பாக்கிறாய்?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றார். ஏதோ நான் சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டிருந்தார் என்று இப்போது விளங்குகிறது. நான் புட்டைச் சாப்பிட்டேன்.

படத்தை, மறுபக்கமும் கோடு தெரியும் ட்ரேசிங் தாளில் மையால் வரைந்தேன், பழைய பழக்கம். கல்லின் அதே அளவில், எட்டடிக்கு ஒரே தாள். முடித்துவிட்டு மேட்டுப் பக்கத்து வட்டத்துக்குக் கீழே பென்சிலால் 'சைவம்' என்றும் பள்ளத்துப் பக்கத்து வட்டத்துக்குக் கீழே 'மச்சம்' என்றும் எழுதினேன். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெல்லியடியில் கல் வெட்டுகிறவர் கடற்கரைப் பக்கத்து ஆள். இந்த வேலை பழகமுன் தகப்பனோடு கடலுக்குப் போனவர். இப்போதும் அவருடைய அண்ணன் தம்பிமார் கடலில்தான். எங்கள் வீட்டுக்கு வரும் விளையும் பாரையும் அவர்கள் மாதிரி ஆட்கள் பிடித்ததுதான். அந்த மனிதரின் கையில் இந்தத் தாளைக் கொடுத்து, இது மீன் பட்ட பக்கம், இது மீன் படாத பக்கம் என்று வாசிக்கக் கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. எங்களைப் பற்றி என்ன நினைப்பார்? எந்தக் காலத்தில் இருக்கிறாய் என்று கேட்டால் சின்னவனின் கதையை அந்தக் கல் தூசுக்குள் நின்று சொல்ல ஏலுமா? அழிரப்பரை எடுத்து இரண்டு சொல்லையும் அழித்தேன். அழித்த கையோடு ஜன்னல் எந்தப் பக்கம், கதவு எந்தப் பக்கம் என்று எழுதியிருந்ததையும் அழித்துவிட்டேன். அவருக்கு அது தேவையில்லை, ஓட்டை மட்டும் போட்டால் போதும் என்று நினைத்தேன். ஒரு சொல்லும் இல்லாத படத்தை என் உத்தியோக காலத்தில் நான் கந்தோரை விட்டு வெளியே அனுப்பியதில்லை.

கல் புரட்டாதியில் வந்தது. நாலு பேர் தூக்கிவந்து மேடையில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணுக்கு முன்னால் சின்னச் சிங்க் கதவுப் பக்கம் இருந்தது. பெரியது சாமி அறைப் பக்கம் இருந்தது. ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக் கல்லில் ஊற்றினேன். அது நான் கொடுத்த சரிவில் அடக்கமாக ஓடி, அக்காவின் சிங்க்குக்குள் விழுந்தது.

கல் வெட்டியவரை வரச்சொன்னேன். வந்தார். தாளை விரித்துக் காட்டினார்.

"அண்ணை, நீங்கள் தந்த கோட்டிலை ஒரு நூல் பிசகேல்லை. வெட்டேக்கை தண்ணி தெறிக்கும். மை கரைஞ்சிடும் எண்டு மைப்பக்கத்தைக் கீழை போட்டுத்தான் நான் எப்பவும் புள்ளி வைக்கிறனான். எழுத்து ஏதும் இருந்தா இடம் வலம் மாறிக் கிடக்கெண்டு தெரிஞ்சிருக்கும். இதிலை ஒண்டும் இல்லையே."

தாளில் ஒன்றும் இல்லைதான். வெளிச்சத்துக்குப் பிடித்தால் அழித்த இடம் மட்டும் கொஞ்சம் மங்கலாய்த் தெரிந்தது. அந்த மனிதர் என் படத்தைக் காப்பாற்றத்தான் அதைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார். நான் அவர்மேல் கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. "மரமெண்டா அடைக்கலாம் அண்ணை, இது கல்லெல்லே," என்று மட்டும் சொன்னார்.

அன்று மத்தியானம் மனைவி அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று இரண்டு சிங்க்கையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு மிகவும் சாதாரணமாகச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, இதிலை என்ன இருக்கு? நான் சின்னதிலை மீன் கழுவுறன். மச்சாளுக்குப் பெரிசை விடுங்கோ. அது மேட்டிலைதானே கிடக்கு."

நூற்றுக்கு நூறு சரியான விடை. வடித்த தண்ணீர்ப் பைப்பை மட்டும் ஒரு குழாய் நீட்டி மாற்றினால் அடுத்த நாளே அக்காவைக் கூட்டி வந்திருக்கலாம். முதலில் மனம் நொந்தவள் அவள். அவளே இடம் விட்டுக்கொடுத்தாள். எனக்கு அப்போது அது காதில் ஏறவில்லை. படம் பிழைத்துப் போனதுதான் மண்டைக்குள் நின்றது.

"நீர் சும்மா இரும். அக்காவின்ரை கைக்கு அளந்து வைச்ச ஓட்டை அது. பெரிய சிங்க்கிலை அவவுக்குக் கை எட்டாது. பிழையைப் பிழையாய் வைச்சுக்கொண்டு சரியெண்டு சொல்ல எனக்கு ஏலாது," என்றேன்.

"அப்ப மழை வந்தா?"

"மூண்டு கிழமையிலை புதுக் கல்லு வரும்."

இன்னொரு கேள்வியும் அந்தக் குசினிக்குள் நின்றது. அதை யாரும் கேட்கவில்லை. நான் மீனை விட்டால் என்ன? மனைவிக்கு மீன் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவள் எனக்காகத்தான் அதைத் தினமும் கழுவினாள். மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. இரண்டு சிங்க், இரண்டு பைப், முக்கால் அங்குலச் சரிவு, எல்லாம் அக்காவுக்காக என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். உண்மையில் அது என் நாக்குக்காகவும் கட்டின மேடை. இதை ஒத்துக்கொள்ள எனக்கு இவ்வளவு நாள் பிடித்தது.

அதே கறுப்பில் கல் இங்கே முடிந்துவிட்டது, கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார்கள். மூன்று கிழமை ஐந்து கிழமையானது. அதற்கிடையில் நான் அக்காவின் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். வேலை முடியாமல் அவர் முகத்தில் முழிக்க மனம் வரவில்லை. போன ஒன்றிரண்டு நேரமும், "குசினி வேலை ஒண்டு நடக்குது அக்கா, முடியட்டும், பிறகு கதைப்பம்," என்றுதான் சொன்னேன். அவர் "ஓம்," என்றார். வேறென்ன சொல்வார்? அவருக்கென்று ஒரு பைப் வரப்போகிறது என்பதை நான் மூச்சுவிடவில்லை. முடித்துவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்து காட்டவேண்டும் என்று ஆசை. சின்னப்பிள்ளை மாதிரி.

ஐப்பசியில் மழை பிடித்தது. கல் வந்துவிட்டது, வந்து நிறத்தைப் பாருங்கள் என்று நெல்லியடியிலிருந்து சொன்னார்கள். போனேன். இந்த முறை தாளில் எல்லாம் எழுதியிருந்தேன். சைவம், மச்சம், ஜன்னல், கதவு, மேல், கீழ் எல்லாம். கல் வெட்டுகிறவர் அதை விரித்து வாசித்தார். ஒரு சிரிப்பும் இல்லை.

"எங்கடை அம்மாவும் வெள்ளிக்கிழமைச் சட்டி வேறைதான் வைச்சிருக்கிறா. இதை முதலே எழுதியிருக்கலாமே அண்ணை," என்றார்.

அவர் அதைச் சொல்லிக்கொண்டு நிற்கும்போதுதான் போன் அடித்தது. மனைவி. அக்கா கிணற்றடியில் விழுந்துவிட்டார், பக்கத்து வீட்டார் கண்டு தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றாள்.

இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. ஒப்பரேசன் செய்தார்கள். மூன்றாம் நாள் அக்கா தெளிவாக இருந்தார். வாட்டில் பக்கத்துக் கட்டிலில் யாரோ மீன் குழம்போடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்தப் பக்கம் பார்க்காமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவரைத் தேற்றவேண்டும் என்று நினைத்து நான் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு சிங்க், மேடு, பள்ளம், கவிழ்ந்த தாள், புதுக் கல், அவருடைய கை எட்டும் தூரத்தில் அவருக்கென்று ஒரு பைப். சிறிதாக்கி வரைந்து பொக்கற்றுக்குள் வைத்திருந்த படத்தை எடுத்துக் காட்டவும் செய்தேன். கண்ணாடி இல்லாமல் அவர் அதைப் பார்த்தார்.

"ஆரடா உன்னை ஓட்டை போடச் சொன்னது?" என்றார்.

"நீங்கள்தானே அக்கா, ஒரு பைப்பிலைதானே கழுவுறியள் எண்டு சொன்னனீங்கள்."

"நான் சொன்னன். வெக்கத்திலை ஒரு கதை சொன்னன். அதுக்குப் பிறகு நீ வா எண்டு சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். நீ ஒருநாளும் சொல்லேல்லையே."

நான் படத்தை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தேன்.

"செம்போடையும் ஒரு சட்டியோடையும் வந்திருப்பன். கோடிப்புறத்திலை மூண்டு கல்லை வைச்சுப் பொங்கித் திண்டிருப்பன். குசினி வேலை, குசினி வேலை எண்டாய். எனக்கு இடமில்லாமல் எதையோ பெருப்பிக்கிறாய் எண்டு நினைச்சன்."

இதுதான் அக்கா என்னோடு கதைத்த கடைசிக் கதை. கோபமாகச் சொல்லவில்லை. சங்கக் கடையில் சாமான் முடிந்துவிட்டது என்று சொல்வாரே, அப்படிச் சொன்னார். ஆவணியிலிருந்து ஐப்பசி வரைக்கும் நான் அளந்த அளவுகளில் 'வா' என்ற ஒரு சொல் இல்லை. கேட்காமலே தெரியும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை.

இரண்டு நாளில் அவருக்கு வாய் கோணியது. வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது, விழுங்கவும் முடியாமல் போனது. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். நான் அவருக்குப் பைப் வைத்தது வலக்கை எட்டும் தூரத்தில்.

குழாய் போட்ட அன்று நான்தான் கட்டிலடியில் நின்றேன். தாதி ஒரு கிளாசோடு வந்து, குழாயில் பெரிய ஊசிக் குப்பியைச் செருகி, "இதை உயத்திப் பிடியுங்கோ ஐயா, தானாய் இறங்கும்," என்று என் கையில் தந்தார். பிடித்தேன். வெள்ளையாய் ஊற்றினார். பாதி இறங்கின பிறகுதான் இது என்ன என்று கேட்டேன்.

"பாலும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும். பெலத்துக்கு. எல்லாருக்கும் இதுதான் குடுக்கிறது," என்றார். நல்ல பிள்ளை. அவரில் ஒரு குற்றமும் இல்லை. அவர் அதைச் சைவம் என்று நினைத்தாரோ, ஒன்றும் நினைக்கவில்லையோ தெரியாது. நிறுத்துங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு சொல்தான். கையை இறக்கியிருந்தாலும் போதும், நின்றிருக்கும். நான் உயர்த்திப் பிடித்தபடியே நின்றேன். அது சரிவில் ஒழுங்காக இறங்கி முடிந்தது. அக்காவின் கண் திறந்துதான் இருந்தது. அவருக்கு ருசி தெரிய வழியில்லை, குழாய் நாக்கைத் தொடாமல் போகிறது.

வெளியே வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. நேரே உள்ளே போனாள்.

"எங்கடை மச்சாள் சைவம் பிள்ளை. முட்டை வேண்டாம்," என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த நேரத்திலிருந்து முட்டை இல்லை. அவ்வளவு சுலபமாக இருந்தது அது.

கார்த்திகையில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். வான் வண்டியிலிருந்து நாலு பேர் தூக்கிக் கொண்டுவந்து சாமி அறைக்குப் பக்கத்து அறையில் கிடத்தினார்கள். நாலு பேர்தான் கல்லையும் தூக்கி வந்தது. புதுக் கல் அதற்கு முந்தின கிழமையே பொருத்தியாகிவிட்டது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கதவுப் பக்கம் ஓடியது. எல்லாம் சரி.

அக்கா விழுந்த பிறகு வீட்டுக்கு மீன் வருவதில்லை. நான் வேண்டாம் என்று சொன்னேன். மனைவி ஏன் என்று கேட்கவில்லை. சோறு இறங்குகிறது. இவ்வளவுதானா என்று ஒவ்வொரு நாளும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது. பள்ளத்துப் பக்கத்துப் பெரிய சிங்க் காய்ந்து கிடக்கிறது, சவர்க்காரக் குப்பிக்குள் சவர்க்காரம் கட்டியாகிவிட்டது. ஒரு பைப்பும் ஒரு சிங்க்கும் போதுமாக இருந்திருக்கும். பழைய மேடையே போதுமாக இருந்திருக்கும்.

மேட்டுப் பக்கத்துப் பைப்பை மனைவி மட்டும் திறக்கிறாள். பயற்றங்கஞ்சியைத் தண்ணியாகக் காய்ச்சி, மூன்று தரம் வடித்து, ஊசிக் குப்பியையும் கிளாசையும் அந்தப் பைப்பில்தான் கழுவுகிறாள். மற்றதில் மீன் பட்டதே இல்லை, புதுக் கல், புதுச் சிங்க். என்றாலும் அதில் கழுவமாட்டாள். அக்காவின் தலைமாட்டில் இருந்து குப்பியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நேரமும் சொல்வாள், நாளுக்கு ஆறு தரம்.

"உங்கடை பைப்புத் தண்ணிதான் மச்சாள். வேறை ஒண்டும் படேல்லை."

அக்கா இடக்கையின் இரண்டு விரலைப் போர்வையில் மெல்லத் தட்டுவார். அது ஓம் என்பது. பிறகு கண்ணைத் திருப்பி என்னைப் பார்ப்பார். வாட்டில் நான் குப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவர் பார்த்தார், கிளாசில் என்ன இருந்தது என்று தாதி சொன்னதும் அவருக்குக் கேட்டிருக்கும். கேட்டிருக்காது என்று டொக்டர் சொன்னார். அவர் தராசுக்காரி, அவருக்குக் கேட்டிருக்கும். இத்தனை வருடமாய்ச் சின்னவனுக்காக அவர் பிடித்து வைத்திருந்ததை நான் கையை உயர்த்தி இறக்கிவிட்டேன் என்று அவருக்குத் தெரியுமோ என்று கேட்க எனக்கு வாயில்லை, சொல்ல அவருக்கு வாயில்லை.

அந்தப் பார்வைக்கு முன்னால் என்னால் நிற்க முடிவதில்லை. பைப் ஒழுகுது போலை கிடக்கு, பாத்துக்கொண்டு வாறன் என்று சொல்லிப் பைப்புக் கழற்றும் சாவியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன். அந்தப் பைப் ஒழுகுவதில்லை.